ஞாயித்துக்கிழமை மரம்

போன ஞாயித்துக்கிழமை காலைல ஆறரை மணி இருக்கும், டுர்ருன்னு ஒரு சத்தம். கொசு மருந்து வண்டி வந்துடுச்சுன்னு நெனச்சு எழுந்து ஜன்னல சாத்துனேன், ஆனா பொகையக் காணோம். மாடிக்கு போயி பாத்தா நாலு வீடு தள்ளி இருக்கற பாதாங்கொட்ட மரத்து மேல ஒரு பையன் இடுப்புல கயிறு கட்டிகினு மெஷின் ரம்பத்தோட நிக்கிறான், கீழ குட்டியானை வண்டி ரெடியா நிக்குது. ஒம்போதரைக்கெல்லாம் கதை முடிஞ்சுது. தெரு பூரா மரத்தூளு, அதுக்கு நடுவுல செவப்பா ரெண்டு பழம் நசுங்கி கெடந்துச்சு. ஸ்கூல் விட்டு வந்து அந்தக் கொட்டைய கருங்கல்ல வச்சு ஒடைச்சு உள்ள இருக்கற துளியூண்டு பருப்புக்கு அடிச்சிகினவங்க நாங்க.

வடசென்னைல பெரம்பூர் வியாசர்பாடி பக்கம் இருக்கறவங்க கவனிச்சு பாருங்க, மரம் வெட்டுறது எப்பவுமே ஞாயித்துக்கிழமைதான். ஆபீஸ் லீவு, கேக்க ஆள் வராது.

டீ குடிச்சுட்டு அந்த வீட்டு அண்ணன்கிட்ட போயி மெதுவா கேட்டேன், பர்மிஷன் ஏதாவது வாங்குனீங்களாண்ணேன்னு. "எம் மரம், எம் எடம், பட்டா எம் பேர்ல இருக்கு, எவன்கிட்ட வாங்கணும்ன்ற?" அப்டின்னாரு. நான் பதில் பேசல, ஏன்னா 2019ல எங்க வீட்டு தென்னை மரத்த நாங்களும் யாரையும் கேக்காமதான் எறக்குனோம், அதுவும் ஒரு ஞாயித்துக்கிழமைதான்.

ஆனாலும் மனசு கேக்கல, திங்கக்கிழமை சம்பந்தப்பட்ட ஆபீஸ் ஒன்னுக்கு போன் போட்டு விசாரிச்சேன். எடுத்தவரு நல்ல மனுஷன், பொறுமையாத்தான் பேசுனாரு. "காம்பவுண்டுக்கு உள்ள இருக்கறதுக்கு நாங்க என்னா சார் பண்றது, ரோட்டு பக்கம் சாஞ்சிருந்தா சொல்லுங்க, ஆள் அனுப்பி வெட்டிடறோம்" அப்டின்னாரு. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. நான் மரம் போச்சேன்னு போன் பண்றேன், அவரு வெட்டித்தரேன்றாரு.

அவர் மேல தப்பு சொல்ல முடியாது, சட்டமே அந்த மாதிரிதான் பழகியிருக்கு. 1919லயே வந்த மெட்ராஸ் முனிசிபல் சட்டத்துல, விழற மாதிரி இருக்கற மரத்த வெட்டு இல்ல கட்டி நிறுத்துன்னு ஓனருக்கு நோட்டீஸ் விடற அதிகாரம் கமிஷனருக்கு இருந்துச்சு. குற்றவியல் நடைமுறைச் சட்டம் இருக்கே, பழைய சிஆர்பிசி, அதோட 133ம் பிரிவுலயும், அதுக்கு பதிலா இப்ப வந்த பிஎன்எஸ்எஸ் 152லயும் அதே மாதிரிதான், ஆபத்தா நிக்கற மரத்த எடுக்கச் சொல்லி மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போடலாம். விழற மரத்துக்கு நூறு வருஷமா சட்டம் இருக்கு. நல்லா நிக்கற மரத்துக்கு என்ன இருக்குன்னு தேடுனா மரத்த வெட்டலாமா கூடாதான்னு பாக்க 2021ல போட்ட பசுமைக் குழு வருது, மாவட்டத்துக்கு ஒன்னு, கலெக்டர் தலைமை. ஆனா அது அரசு நிலத்துல, பொது எடத்துல இருக்கற மரத்துக்கு.

எங்க ஊருக்கு இது பத்தாது. தென்சென்னைல பெரிய பெரிய ரோடு, ரெண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரம் கொடை புடிச்சா மாதிரி நிக்குது, அதெல்லாம் ரோட்டு மரம், குழு பாத்துக்கும். இங்க தெருன்றதே முக்காவாசி சந்து, பிளாட்பாரம் கெடையாது, ஆட்டோ நின்னா பைக் போவ முடியாது, ரோட்ல மரம் வைக்க எடம் ஏது? எங்க பக்கம் இருக்கற மரமெல்லாம் யாரோ ஒருத்தர் வீட்டு காம்பவுண்டுக்குள்ளதான், ஒரு வேம்பு, ஒரு முருங்கை, ஒரு மாமரம். பொது எடம்னு கோடு போட்டா எங்க மொத்த நிழலும் கோட்டுக்கு வெளிய போயிடுது. புரச மரத்தால பேர் வாங்குன புரசைவாக்கத்துல நின்னு, புரச மரம் எப்படி இருக்கும்னு பத்து பேர கேட்டுப் பாருங்க, அப்ப தெரியும்.

மத்த ஊர்ல வீட்டு மரத்தையும் சேத்துதான் சட்டம். மகாராஷ்டிராவுல 1975, கர்நாடகாவுல 1976, டெல்லியில 1994. பம்பாய்ல மரத்துமேலயே நோட்டீஸ் ஒட்டுவாங்க, ஆட்சேபனை இருந்தா சொல்லலாம். நம்ம மாநிலத்துலயே ஊட்டி கொடைக்கானல் பக்கம் மலைப்பகுதிக்கு 1955லேர்ந்து மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, பட்டா நெலமா இருந்தாலும் அனுமதி வேணும். மலைல இருந்தா மரம், வியாசர்பாடில இருந்தா விறகா?

அதுக்காக கெடுபிடியா சட்டம் போடுங்கன்னு நான் சொல்லல, அதுலயும் வம்பு இருக்கு. சந்தன மரத்த பாருங்க, 2002 வரைக்கும் நம்ம நெலத்துல மொளைச்சாலும் அது கவருமெண்டு சொத்து, அதனால எவனும் வைக்கல, தானா மொளைச்சாலும் புடுங்கிப் போட்டாங்க. வீட்டு மரத்துக்கும் பத்து ஆபீஸ் அலையவிட்டா ஆளுங்க ராத்திரில அடிமரத்துல ஓட்டை போட்டு பெருங்காயத்த வச்சு மூடிடுவாங்க, மரம் "தானா" பட்டுப்போச்சுன்னு ஃபோட்டோவோட வருவாங்க. அப்புறம் பயமும் பொய் இல்லங்க. 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்னிக்கு பக்கத்து தெருவுல பெரிய செம்மயிர்க்கொன்றை ஒன்னு வேரோட பேந்து ஒருத்தர் வீட்டு மாடிப்படி மேல உக்காந்துச்சு. அந்த வீட்டுக்காரர்கிட்ட போயி மரம் வளர்ப்போம்னு நீங்களே சொல்லிப் பாருங்க.

எனக்கு தோணுறது ரொம்ப சின்ன விஷயம். வெட்டணும்னா ஒரு விண்ணப்பம், மரத்துல ஒரு பேப்பர் ஒட்டி ஒரு பத்து நாள் காத்திருக்கணும், அவ்ளோதான். அந்த பத்து நாள்ல யாராவது வந்து "ஏம்பா கிளைய மட்டும் கழிச்சா போதுமே"ன்னு சொல்லுவாங்க, இல்ல வீட்டுக்காரருக்கே மனசு மாறும். ஆறரைக்கு ரம்பம் ஒம்போதரைக்கு குட்டியானைன்னா யோசிக்க யாருக்கு டைம் இருக்கு.

இவ்ளோ எழுதிட்டு இதையும் சொல்லிடறேன். எங்க வீட்டையும் பில்டருக்கு குடுக்கறதா பேச்சு ஓடுது, எங்களுக்கு நாலு ஃப்ளாட், அவருக்கு மூணு. பின்னாடி இருக்கற வேம்பு, எங்க ஆயா வச்சது, கரெக்ட்டா கார் பார்க்கிங் தூண் வர எடத்துல நிக்குது. ஆடி மாசம் கூழ் ஊத்துறப்ப, கொழந்தைக்கு அம்மை போட்டுச்சுன்னா, பாதி தெரு வந்து ஒரு வார்த்தகூட கேக்காம கொத்து ஒடைச்சுகினு போற மரம். வெட்டுற ஆளு வந்து பாத்துட்டு அடிமரத்த ரெண்டு கையால கட்டிப் புடிச்சான், கை எட்டல, "நல்ல சைஸ் சார், வெட்டுக்கூலி வேணாம், கட்டைய நானே எடுத்துக்கறேன்"னான்.

நேத்து ராத்திரி தம்பி போன் பண்ணான். "அண்ணா, ஞாயித்துக்கிழம ஆள வரச்சொல்லட்டா?"

தூண நவுத்த முடியுமான்னு இன்ஜினியர கேளுடா, முடியலன்னா புதன்கிழம வரச்சொல்லு, மத்தியானம் பன்னெண்டு மணிக்கு, தெருவே பாக்கட்டும்னேன். லூசான்னு கேட்டுட்டு வச்சுட்டான்.