590 ரூபாயில் சிக்கிய தண்டர்பேர்டு

பழைய க்ரூசர் பைக் (நிமிர்ந்து சாவகாசமா உட்கார்ந்து ஓட்டற வண்டி) வாங்கப் போறவங்க எல்லாரும் இன்ஜின் சத்தத்துக்குத்தான் பயப்படறாங்க. என் வண்டி மாசக்கணக்கா கைக்கு வராம நின்னதுக்குக் காரணம் இன்ஜின் இல்லீங்க. வித்தவரோட லோன்ல 2021-ல பவுன்ஸ் ஆன (கணக்குல பணம் இல்லாம திரும்பின) ஒரே ஒரு தவணை, அதுக்கான சார்ஜ் 590 ரூபாய். அதை நினைச்சா இன்னும் வயிறு எரியுது.

வீட்டுக்காரியைப் பின்னாடி உட்கார வெச்சு வால்பாறை 40 கொண்டை ஊசியும் திம்பம் 27-ம் ஏறோணும், முதுகு வலிக்கக் கூடாது. அவ்வளவுதான் ஆசை. ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 2020 நவம்பர்லதான் வந்துச்சு, பழசே நம்ம பட்ஜெட்டுக்கு மேல. ஆக பஜாஜ் அவெஞ்சர் 220, இல்லைன்னா ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350.

பல்லடத்துல ஒரு டீலர் அவெஞ்சர் காட்டினார். கண்ணாடி மாதிரி பாலிஷ். "பெயிண்ட்டப் பாருங்ணா, ஷோரூம் கண்டிசன்"னு டேங்க்கைத் தடவித் தடவிச் சொன்னவர் ஆர்.சி.யை (பதிவுச் சான்று) மட்டும் கையில குடுக்கவே இல்லை. கேட்டு வாங்கிப் பார்த்தா 2011 பதிவு. பதினஞ்சு வருசம் முடிய மாசங்கள்தான் பாக்கி. அதுக்கப்புறம் எஃப்.சி. (தகுதிச் சான்று), பசுமை வரின்னு புதுப்பிக்கற அலைச்சல் வாங்கறவன் தலையில. பவானியில பார்த்த தண்டர்பேர்டு மீட்டர்ல 18 ஆயிரம் கி.மீ. ஆனா ஃபுட்ரெஸ்ட் ரப்பர் தேஞ்சு உள்ளே இரும்பு தெரியுது, பிரேக் டிஸ்க் ஓரத்துல நகம் வெச்சா படி மாதிரி மாட்டுது. மீட்டரைத் திருப்பலாம், தேய்மானத்தைத் திருப்ப முடியாதுங்க. கும்பிட்டுட்டு வந்துட்டேன்.

கடைசியா அமைஞ்சது சென்னிமலைப் பக்கம் ஒரு தம்பி வெச்சிருந்த 2019 தண்டர்பேர்டு, ஏ.பி.எஸ். (பிரேக் அடிச்சா சக்கரம் பூட்டிக்காத வசதி) மாடல், ஒரே ஓனர். "காலையில ஆறு மணிக்கு வர்றேன், அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க தம்பி"ன்னு முந்தின நாளே சொல்லி வெச்சேன். சூடான இன்ஜின் எல்லாக் குறையையும் மூடி மறைச்சிரும். போனதும் முதல் வேலையா சைலன்சரைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லுனு இருந்துச்சு. செல்ஃப் அடிச்சா வலது பக்கமா, இடது பக்கமான்னு தெரியாத மாதிரி ஒரு 'கடக்'. கூட வந்த மெக்கானிக் அண்ணன் காதை இன்ஜின் கிட்ட வெச்சுட்டு, "இன்னொருக்கா அடிங்"ன்னார். ரெண்டாவது தடவையும் அதே சத்தம். "ஸ்ப்ராக் கிளட்ச் போகப் போகுதுங். இப்பவே மாத்தோணும்னு இல்ல, ஆனா செலவு இருக்குது" அப்படின்னு அந்தத் தம்பிக்குக் கேக்கற மாதிரியே சொன்னார். செல்ஃப் மோட்டாரை இன்ஜினோட இணைக்கற பாகம் அது. கிக்கர்ல சத்தமே இல்லாம ஸ்டார்ட் ஆச்சு. இந்த இன்ஜின்ல டேப்பெட் (வால்வை இயக்கற பாகம்) ஹைட்ராலிக், ஆயில் அழுத்தத்துல இடைவெளியைத் தானாவே சரி பண்ணிக்கும். அதனால மேல் பக்கம் 'டிக் டிக்'னு கேட்டு, "டேப்பெட் டைட் வெச்சா சரியாயிரும்"னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, டைட் வெக்க அதுல ஒண்ணும் கிடையாது. டேங்க்குக்குள்ள போன் டார்ச் அடிச்சுப் பார்த்தோம், துரு இல்லை. முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டினதுல கோன் செட்டும் (ஹேண்டில்பார் திரும்பற பேரிங்) சுத்தம். ஒரு லட்சத்து அஞ்சாயிரம்னு ஆரம்பிச்ச விலை அந்தக் 'கடக்'கினால 95 ஆயிரத்துக்கு வந்து நின்னுச்சு.

அப்புறம் எம்பரிவாகன்ல (வண்டி விவரம் காட்டற அரசு ஆப்) நம்பரைப் போட்டேன். ஹெல்மெட் போடாத செலான் ஆயிரம் ரூபாய் ஒண்ணு இருந்தது, தம்பி அங்கேயே கட்டிட்டார். அதுக்குக் கீழே ஃபைனான்சியர் பேரு இன்னும் உட்கார்ந்திருக்குது.

"லோன் 2024 மார்ச்லயே முடிஞ்சுருச்சுங்ணா, மெசேஜ் இருக்குது பாருங்"ன்னு போனை நீட்டினார். அந்த எஸ்.எம்.எஸ்.ஸை வெச்சு ஒண்ணும் ஆகாதுங்க. கம்பெனி சீல் வெச்ச என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) கையெழுத்தோட ஃபார்ம் 35-ம் (அடமானத்தை நீக்கற படிவம்) இல்லாம ஆர்.சி.யில இருக்கற அடமானப் பதிவு (எச்.பி.) போகாது. "நாளைக்கே வாங்கிக் குடுத்தர்றனுங், நீங்க மொத்தமா குடுத்துட்டு வண்டிய எடுத்துட்டுப் போங்"ன்னார் அவங்க அப்பா. நல்ல மனுசர்தான், பொய் சொல்ற முகம் இல்லை. ஆனாலும் அட்வான்ஸ் 5,000 மட்டும் குடுத்து, "எச்.பி. கேன்சல் பேப்பர் வந்தாத்தான் பாக்கி"ன்னு ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். வண்டி அவர் வீட்லயே நின்னுச்சு. நான் செஞ்சதுலயே உருப்படியான காரியம் இதுதான்.

லோன் குடுத்த ஃபைனான்ஸ் கம்பெனியோட பிராஞ்ச் இருந்த எடத்துல இப்ப செல்போன் கடை. கோயமுத்தூர் ஆபீசுக்குப் போகச் சொன்னாங்க. லோன் தம்பி பேர்ல இருக்கறதால அவரும் லீவு போட்டுட்டு கூட வந்தார். கவுன்டர்ல இருந்த பொண்ணு நம்பரைத் தட்டிட்டு, "லோன் க்ளோஸ், ஆனா ட்யூஸ், பாக்கி காட்டுது சார்".

"எவ்வளவுங்க?"

"4,870."

எதுக்குன்னு கேட்டா "சிஸ்டம் காட்டுது". பிரிச்சுச் சொல்லுங்கன்னா "மேனேஜர் லஞ்ச் போயிருக்கார்". லஞ்ச் முடிஞ்சு வந்தவர், "கட்டினா என்.ஓ.சி., கட்டலைன்னா இல்லை"ன்னுட்டு ஏ.சி. ரூமுக்குள்ள போயிட்டார். தம்பிக்குக் கோபம், "நான் எதுக்குங் கட்டோணும், நீங்களே வேற வண்டி பாத்துக்கங்ணா"ன்னு வெளியே கிளம்பிட்டார். டீக்கடையில உட்கார வெச்சு சமாதானம் பண்ணி, திரும்பப் போய், "கட்டறோம், முதல்ல ஸ்டேட்மென்ட் ஆஃப் அக்கவுன்ட் குடுங்க"ன்னேன், அதாவது லோனோட முழு வரவு செலவுக் கணக்கு. இதை அவங்க மறுக்க முடியாது. முனகிட்டே பிரின்ட் எடுத்தாங்க.

2021 ஜூன். லாக்டவுன்ல பெருந்துறை சிப்காட்ல தம்பி வேலை பார்த்த யூனிட் மூடி, சம்பளம் வராத மாசம். தவணை ஒண்ணு பவுன்ஸ், 500 ரூபாய், ஜி.எஸ்.டி. 90. தவணையை அடுத்த மாசமே கட்டிட்டார். அந்த 590-ஐ யாரும் கேக்கவும் இல்லை, இவருக்குத் தெரியவும் இல்லை. மீதி 4,280 ரூபாய் முழுசும் அந்த 590 மேல ஏறின அபராதம், "வசூல் செலவு" இதுகதான். வசூல் பண்ண ஒரு ஆள்கூட வந்ததில்லை!

அன்னிக்கு ராத்திரியே தம்பி மெயில்ல இருந்து குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினோம். 590 கட்டத் தயார், மத்ததுக்குக் கணக்கு காட்டுங்கன்னு கேட்டோம். கூடவே ரிசர்வ் வங்கி உத்தரவையும் சேர்த்தோம்: கடன் கட்டி முடிச்ச 30 நாளுக்குள்ள அடமானப் பதிவை நீக்கித் தரணும், தாமதம் அவங்களால ஆனா நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு, 2023 டிசம்பர் 1 முதல் அமல். ஸ்டேட்மென்ட்டையும் இணைச்சாச்சு. கவுன்டர்ல வராத பதில் மெயில்ல வந்துச்சு: 590 மட்டும் கட்டுங்க, மீதி தள்ளுபடி. என்.ஓ.சி. வாங்கப் போனப்ப அதே மேனேஜர் சேர் போடச் சொன்னார்.

என்.ஓ.சி. கையில வந்ததும் சேஸிஸ் நம்பர் (வண்டிச் சட்டத்துல இருக்கற எண்), இன்ஜின் நம்பரை அங்கேயே ஆர்.சி.யோட ஒத்துப் பாருங்க. எங்களுக்கு முதல்ல வந்ததுல ஒரு எழுத்து தப்பு, நின்னு திருத்தி வாங்கினோம்.

ஆர்.டி.ஓ. வேலை சுலபமா முடிஞ்சுது. பேர் மாத்தற ஃபார்ம் 29, 30, அதோட 35 எல்லாம் சேர்த்தே போட்டோம். விக்கறவர் போன் நம்பர் பரிவாகன்ல சரியா இருக்கான்னு மட்டும் முன்னாடியே பார்த்துக்கங்க, ஓ.டி.பி. பழைய நம்பருக்குப் போனா அது தனி அலைச்சல். ஆர்.சி. இப்பல்லாம் ஸ்பீட் போஸ்ட்லதான் வருது, கதவு எண் பிசகினா திரும்பிப் போயிரும்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ள நம்ம பேருக்கு மாத்தக் கேக்கணும். நோ க்ளெயிம் போனஸ் (க்ளெயிம் பண்ணாததுக்குக் கிடைக்கற பிரீமியத் தள்ளுபடி) விக்கறவரோடது, அது நமக்கு வராது. அந்த வித்தியாசத்தை நம்மகிட்ட வசூல் பண்ணுவாங்க, விலை பேசும்போதே அதையும் கணக்குல வெச்சுக்கங்க. ஸ்ப்ராக் கிளட்ச்சை ஆடி கழிஞ்சதும் மாத்தணும், மெக்கானிக் அண்ணன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அதுவரைக்கும் கிக்கர்தான்.