விவாச்சே என்றால் எவ்வளவு வேகம்?

வயலின் கிரேட் சோதனைக்கு எனக்குக் கிடைத்த பீஸின் தலையில் 'விவாச்சே' என்று போட்டிருந்தது, மேற்கத்திய இசையில் வேகத்தைக் குறிக்கிற இத்தாலியச் சொல். இணையத்தில் பார்த்தால் நிமிடத்துக்கு 156 முதல் 176 தாள அடி என்று ஒரு அட்டவணை. சரி என்று அடியைச் சீராகத் தட்டிக் காட்டும் மெற்றோனோமைப் போனில் 160இல் வைத்து இரண்டு கிழமை வில்லோடு மல்லுக்கட்டினேன், ஒரு வரி தாண்டுவதற்குள் விரல் பின்னிக்கொள்ளும். நான் முதலில் படித்தது கர்நாடக சங்கீதம். அங்கே காலம் கூட்டினால் சரியாக இரட்டிப்பு, கணக்குத் தெளிவு. அதனால் இங்கேயும் ஒரு எண்ணைத்தான் தேடினேன்.

பிழையைப் பிடித்தது வயலின் மிஸ்தான். பீஸின் தாளம் 6/8. அதில் ஒரு அடி என்பது மூன்று குவேவர், அதாவது மூன்று குறுஞ்சுரம். அப்படியென்றால் 160 அடிக்கு செக்கனுக்கு எட்டு சுரம்! பேத்தோவன் தன் ஏழாவது சிம்பொனியின் முதல் பகுதியில் வரும் விவாச்சேக்கு, அதுவும் 6/8தான், 1817இல் தானே கொடுத்த எண் 104. மெல்ஸல் மெற்றோனோமுக்குக் காப்புரிமை எடுத்ததே 1815இல். விவாச்சே, அலெக்ரோ போன்ற வேகச் சொற்கள் அதைவிடப் பழையவை, எண்ணுக்காகப் பிறந்தவை அல்ல. இத்தாலியனில் அலெக்ரோ என்றால் மகிழ்ச்சியான, விவாச்சே என்றால் உயிர்ப்பான. மொஸார்ட்டின் அப்பா லியோபோல்ட் 1756இல் வந்த தன் வயலின் நூலில் விவாச்சேயை வேகத்துக்கும் மெதுவுக்கும் நடுவில்தான் வைக்கிறார்.

இதெல்லாம் மூளைக்கு விளங்கியது, கைக்கு விளங்கவில்லை. "மனே, நம்மட பறங்கியர் கலியாண வீட்டுல கஃப்ரிஞ்ஞா கேட்டிருக்கியா?" என்று மிஸ் கேட்டார். போர்த்துக்கேய வழிவந்த பறங்கியரின் அந்த ஆட்ட இசையை மட்டக்களப்பில் வளர்ந்துவிட்டு கேட்காமல் இருப்பேனா! அதுவும் 6/8. அடுத்த முறை கேட்கும்போது வயலின்காரரின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஓடவேயில்லை. மூன்று சுரத்தில் முதலாவதை ஊன்றுகிறார், மற்ற இரண்டையும் தொட்டுவிட்டு விடுகிறார், வில் நடுப்பகுதியை விட்டு அதிகம் நகரவில்லை, ஆனால் கேட்கிற எங்கள் கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

வீட்டுக்கு வந்து மெற்றோனோமை 60க்கு இறக்கினேன். இடது கையை மறந்து, திறந்த தந்தியில் அந்த ஊன்றலை மட்டும், வில்லின் நடுவில், நாலு விரற்கடை நீளத்துக்குள். அப்புறம்தான் சுரங்களைச் சேர்த்தேன். துள்ளல் கெடாமல் இருந்தால் மட்டும் அடுத்த நாள் நாலு எண் கூட்டுவேன், கெட்டால் அதிலேயே நிற்பேன். 84இல் மட்டும் ஐந்து நாள் நின்றேன். 96இல் வாசித்தபோது பக்கத்து அறையில் இருந்த அம்மா, "இப்ப வேகமா வாசிக்கிறாய்" என்றா. 104 வரை ஏற்றிப் பார்த்தேன், நாலாவது வரியில் ஊன்றல் தட்டையாகிப் போனது. திரும்ப 96க்கே வந்து, சோதனையிலும் அதிலேயே வாசித்தேன்.