டம்பாய்: படகுத்துறையும் மின்கம்பமும்

கானாவின் ஓட்டி பிராந்தியத் தலைநகர் டம்பாய். வோல்டா ஏரியின் மேற்குக் கரையிலிருந்து வந்தால் ஏரியைக் கடக்க வேண்டும். ஃபெர்ரி பழுதானால் மரப்படகுதான். 1965-இல் முடிந்த அகோசோம்போ அணையால் மூழ்கிய மரங்களின் மொட்டைகள் இன்னும் நீருக்கடியில் நிற்கின்றன. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள்.

அந்த அணையின் கரண்ட் கரையோர ஊர்களுக்கு வரத்தான் தாமதம். கானா அரசின் சுயஉதவி மின்திட்டத்தில் சேர, ஊர் 33 அல்லது 11 கேவி (கிலோவோல்ட்) உயரழுத்த லைனிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். வீடுகளுக்குக் கரண்ட் கொண்டுபோகும் தாழ்வழுத்த லைனின் கம்பங்களை ஊரே வாங்கி நட வேண்டும். 9 மீட்டர் கம்பத்துக்கு 1.5 மீட்டர் குழி. மருந்தேற்றாத மரம் மண்மட்டத்தில் கரையானுக்குத்தான்.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தாழ்வழுத்த லைனை ஒரு கிலோமீட்டருக்கு மேல் இழுத்தால் வோல்டேஜ் குறையும்; கடைசி வீட்டில் பல்பு மங்கலாகவாவது எரியும். மக்காச்சோள மில் மோட்டாரோ சுற்றாமல் உறுமி, உள்ளே கம்பிச்சுருள் கருகும். மில்லை டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலேயே வையுங்கள்.