விரல் குத்தும் கருவியை வடிவமைத்த அனுபவம்

சர்க்கரை அளவு பார்க்க விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கும் சின்னக் கருவிக்கு லான்செட் என்று பெயர். ஒருமுறை குத்திவிட்டுத் தூக்கிப் போடும் பாதுகாப்பு லான்செட் ஒன்றை உருவாக்கிய குழுவில் இயந்திரப் பகுதி என் பொறுப்பு. உள்ளே ஒரு ஊசி, இரண்டு ஸ்பிரிங், நாலைந்து பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டுமே என்று எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது ஊசியைப் பற்றித்தான். எங்களுக்கு அதில் பெரிய வேலையே இல்லை. 28 கேஜ் என்றால் விட்டம் சுமார் 0.36 மி.மீ., 30 கேஜ் என்றால் 0.31; தீட்டிய ஊசியாகவே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் எவ்வளவு மெல்லிய ஊசியாக இருந்தாலும், உள்ளே போகும்போது பக்கவாட்டில் ஆடினால் வலிக்கும். ஸ்பிரிங் எகிறி இரண்டாவது தடவை குத்திவிட்டால் கேட்கவே வேண்டாம். எல்லாம் சில மில்லிசெகண்டில் முடிந்துவிடுவதால், அதிவேகக் கேமராவில் எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஊசி ஓடும் தடத்தில் இடைவெளியைக் குறைத்தால் ஆட்டம் நிற்கும். ரொம்பக் குறைத்தால் சிக்கிக்கொள்ளும். மோல்டு செய்பவருடன் நாங்கள் மல்லுக்கட்டியது பெரும்பாலும் இதற்குத்தான்.

அடுத்தது ஆழம். வரைபடத்தில் 1.8 மி.மீ. என்று போட்டால் தோலில் அது 1.8 ஆக இருக்காது. கருவியை விரலில் அழுத்தும்போது துளை வழியாகத் தோல் உள்ளே பிதுங்கும். துளை பெரிதானால் பிதுக்கமும் அதிகம், ஊசியும் ஆழமாக இறங்கும். பயந்து லேசாக வைப்பவருக்கு ரத்தம் வராது, உடனே விரலைப் பிழிவார். பலமாகப் பிழிந்தால் திசு நீர் கலந்து சர்க்கரை அளவே மாறிப்போகலாம். அதனால் ஊசியை ஏவும் பொத்தானையே எடுத்துவிட்டோம். கருவியை விரலில் குறிப்பிட்ட அளவு அழுத்தினால்தான் ஊசி பாயும்.

மருத்துவக் கருவியைப் பயன்படுத்துபவர் தவறில்லாமல் கையாள முடிகிறதா என்று பார்க்கச் சொல்லும் சர்வதேசத் தரநிலை ஐஇசி 62366-1. அது கேட்கும் பயன்பாட்டுச் சோதனையில், சர்க்கரை நோயால் விரல் நுனி மரத்துப்போன ஒரு பெரியவர் மூடியைத் திருகாமல் இழுத்துக்கொண்டே இருந்தார். "திருகணும்னு எங்கப்பா போட்டிருக்கு?" என்றார். அம்புக்குறி இருந்தது, வெள்ளைப் பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் புடைத்து. பார்வை மங்கியவருக்கு அது இல்லாத மாதிரிதான். இப்போது திருகினாலும் வரும், நேராக இழுத்தாலும் வரும். இன்னொருவர், குத்தி முடித்த கருவியைப் பேனா ரீஃபிலால் நெம்பி மறுபடி ஏற்றப் பார்த்தார். ஒருவருக்குக் குத்தியது இன்னொருவருக்குப் போனால் ஹெபடைடிஸ் பி பரவும். விரல் குத்தும் கருவிகளை ஒருவருக்கு மேல் பயன்படுத்தவே கூடாது என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010-இல் எச்சரித்ததும் இதனால்தான். குத்தியதும் மறுபடி ஏற்ற முடியாமல் பூட்டும் கொக்கியை ரீஃபில் எட்டாத இடத்துக்கு மாற்றினோம்.

மற்றத் தரநிலைகள் கேட்கும் ஐஎஸ்ஓ 14971 அபாயக் கோப்பு, ஐஎஸ்ஓ 13485 தர ஆவணங்கள் எல்லாம் பொறுமையைச் சோதிக்கும், ஆனால் புதிர் எதுவும் கிடையாது. புதிர் இருந்தது ஆயுட்கால சோதனையில். இந்தக் கருவி ஸ்பிரிங் அழுத்திய நிலையிலேயே வருஷக்கணக்கில் பெட்டிக்குள் கிடக்கும். அந்த விசையைத் தாங்கிக்கொண்டே இருக்கும் பிளாஸ்டிக் கொக்கி மெல்ல வளையும். போதாததற்கு, கிருமி நீக்க வழக்கமாகக் கொடுக்கும் 25 கிலோகிரே (கதிர் அளவின் அலகு) காமா கதிர் சாதாரண பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கை நாளடைவில் நொறுங்கவைக்கும். கதிரைத் தாங்கும் ரகமாகத் தேட வேண்டும்.

காலத்தைச் சுருக்க 55 டிகிரி செல்சியஸ் அடுப்பில் வைப்பார்கள். 10 டிகிரி கூடினால் முதுமை இரண்டு மடங்கு வேகமாகும் என்பது கணக்கு. அது வேதியியல் சிதைவுக்குச் சொன்னது. பாரம் தாங்கும் பிளாஸ்டிக் வளைவது அந்தக் கணக்கில் அடங்காது. ஆகவே இன்னொரு தொகுப்பை அறை வெப்பநிலையிலேயே வைத்து, அவ்வப்போது சிலவற்றை எடுத்துக் குத்திப் பார்க்கிறோம். விற்பனைக் குழுவுக்கு இதில் வருத்தம்தான். அறை வெப்பநிலைச் சோதனையின் முடிவு எதுவரை வந்திருக்கிறதோ, அதுவரைக்கும்தான் லேபிளில் காலாவதித் தேதி போடுகிறோம்.