57 என்று எழுதிக் கொடுத்தார்கள்

எடை குறைய வயிற்றின் (இரைப்பையின்) பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து இந்த மாதத்தோடு 22 மாதம். ஆபரேஷனைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. நான்காம் நாள் வீட்டுக்கு வந்தேன், இரண்டு வாரம் நீராகாரம், அப்புறம் மசித்த சாப்பாடு, எல்லாம் சொன்னபடியே நடந்தது. என்னைப் படுத்தி எடுத்தது டிஸ்சார்ஜ் ஃபைலின் அட்டையில் பேனாவால் எழுதியிருந்த ஒரே ஒரு வரி: ‘இலக்கு எடை 57 கிலோ.’

யார் எழுதினார்கள், எதை வைத்து எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை. 112 கிலோவோடு உள்ளே போனவளுக்கு அன்று கேட்க வாய் வரவில்லை. ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள்.

முதல் வருஷம் மளமளவென்று குறைந்தது. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 8.9-லிருந்து 5.7-க்கு வந்தது, மாத்திரையை நிறுத்தினார்கள். தூக்கத்தில் மூச்சு அடைக்காமல் இருக்க இரவில் மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்கிய சீபேப் மெஷினும் போயிற்று. 13-ஆம் மாதம் 78 கிலோவில் முள் நின்றுவிட்டது. நானோ ஃப்ரிட்ஜ் கதவில் 57 என்று ஒட்டிவைத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் மறுபரிசோதனைக்குப் போனேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு, மதுரையிலிருந்து கோயம்புத்தூருக்கு விடியற்காலை பஸ். எடை பார்க்கும் மெஷினை நடைபாதையில் வைத்திருந்தார்கள். ஏறி நின்றதும் அந்தப் பெண் எதிர்ப்பக்க மேஜைக்குக் கேட்கும்படி “78.4” என்று கத்தினாள். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் என் ஃபைலைக் காணோம் என்றார்கள். என்னிடம் நகலும் இல்லை. சர்ஜன் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார் என்று மூன்று மணி வரை உட்காரவைத்து, கடைசியில் ஒரு இளம் டாக்டரிடம் அனுப்பினார்கள். ரத்தப் பரிசோதனைக்கு எழுதவில்லை, என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்கவில்லை. “இன்னும் 21 கிலோ இருக்கே, வாயைக் கட்டலையா?” என்று மட்டும் கேட்டார். திரும்பி வரும்போது தாராபுரம் தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு நிஜமாகவே வாயைக் கட்டினேன். முட்டையை விட்டேன், புரோட்டீன் பவுடரை விட்டேன், இரண்டு வேளைதான் சாப்பாடு. இரண்டே மாதத்தில் 73. சீப்பில் கொத்துக்கொத்தாக முடி. ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் மயங்கி விழுந்தேன். ஹீமோகுளோபின் 8.6 இருந்தது.

அதே வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பெரியம்மா என் தாடையைப் பிடித்து, “என்னடி, சீக்கு வந்த கோழி மாதிரி ஆயிட்ட, கழுத்தெல்லாம் தொங்குது” என்றார். அரை மணி நேரம் கழித்துப் பந்தியில் அத்தை, “வயித்தையே வெட்டியும் இவ்வளவுதான் குறைஞ்சுதா?” என்றார். ஒரே உடம்பு, ஒரே மத்தியானம். ஒருவருக்கு மெலிந்துவிட்டேன், இன்னொருவருக்குப் பருத்திருக்கிறேன். இவர்களைத் திருப்திப்படுத்தும் எடை என்று ஒன்று கிடையவே கிடையாது என்று அந்தப் பந்தியில்தான் எனக்கு உறைத்தது.

மயக்கத்துக்காக எங்கள் ஊரிலேயே ஒரு பெண் டாக்டரைப் பார்த்தேன். அவர் என்னை எடை மெஷினுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லி, எண்ணைத் தன் சீட்டில் மட்டும் குறித்துக்கொண்டார். அந்த மரியாதைக்கே எனக்குக் கண் கலங்கியது. பிறகு கணக்குப் போட்டுக் காட்டினார். என் உயரம் 158 சென்டிமீட்டர். கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பிஎம்ஐ. நம் நாட்டில் அது 23-ஐத் தொட்டாலே அதிக எடை என்கிறார்கள், நமக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வருவதால். 1.58-ஐ 1.58-ஆல் பெருக்கி, 23-ஆல் பெருக்கினால் 57.4. ஃபைலில் இருந்த 57 வந்த வழி அவ்வளவுதான்! நான் கணக்கு டீச்சர், எனக்கே இதைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. அந்தச் சூத்திரமும் 1830-களில் பெல்ஜியத்துக் கணித அறிஞர் கெத்தலே மக்கள்தொகையின் சராசரியைப் படிக்க உருவாக்கியது. 112 கிலோவிலிருந்து இறங்கி வருகிற ஒரு 44 வயதுப் பெண்ணின் தசையும் எலும்பும் தொங்கும் தோலும் அதற்குத் தெரியாது.

ஸ்லீவ் செய்தவர்களுக்கு மொத்த எடையில் 25 முதல் 30 சதவீதம் குறைந்தாலே நல்ல பலன் என்றார் டாக்டர். 78-லேயே எனக்கு 30 சதவீதம் குறைந்திருந்தது. வெற்றி பெற்ற இடத்தில் நின்றுகொண்டு என்னை நானே பட்டினி போட்டிருக்கிறேன். “எந்த எடையில் உங்கள் ரத்த ரிப்போர்ட் சரியாக இருக்கிறது, எந்த எடையில் நீங்கள் நினைத்த வேலையைச் செய்ய முடிகிறது, அதைச் சொல்லுங்கள்” என்றார். மூன்று மாதம் சரியாகச் சாப்பிட்டேன். தினம் 60 கிராமுக்குக் குறையாமல் புரோட்டீன், இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி, கைக்கும் காலுக்கும் பளு தூக்கும் பயிற்சி. எடை 76-க்கு ஏறியது, ஹீமோகுளோபின் 11.8 ஆனது. இலக்கை இருவரும் சேர்ந்து எழுதினோம்: 74 முதல் 79 வரை. ஒற்றை எண் வேண்டாம் என்றார். இரண்டாம் வருஷத்துக்குப் பிறகு சில கிலோ திரும்ப ஏறுவது சகஜம். ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு கிலோ ஏறினாலும் தோற்றுப்போனதாகத் தோன்றும்.

நான் பட்டதிலிருந்து சில விஷயம் சொல்கிறேன். ஒரு வருஷம் ஆகும்முன் இலக்கு எதையும் முடிவு செய்யாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் எல்லா ரிப்போர்ட்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். எடையைச் சத்தமாகச் சொல்லாதீர்கள் என்று அங்கே இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லலாம், அடுத்தமுறை நான் சொன்னேன், கேட்டார்கள். சொந்தக்காரர்களிடம் இலக்கு எண்ணைச் சொல்லவே சொல்லாதீர்கள். “எவ்வளவு குறைஞ்ச?” என்றால், “சர்க்கரை மாத்திரை நிறுத்தியாச்சு அத்தை” என்று சொல்லிவிட்டு அவர்கள் மூட்டுவலியை விசாரிப்பேன். அதற்கு மேல் கேட்டால், “என் உடம்பைப் பத்திப் பேசவேண்டாம் அத்தை, மனசு கஷ்டமா இருக்கு” என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். பெரியம்மா இரண்டு வாரம் பேசவில்லை. அப்புறம் அவரே போன் செய்தார்.

கண்ணாடி முன்னால் நானே என்னைச் சொல்லிக்கொள்வதை நிறுத்துவதுதான் இன்னும் முடியவில்லை. கையில் தொங்கும் தோலைப் பார்த்தால் இப்போதும் மனம் சுருங்குகிறது.

தைப்பூசம் முடிந்து கூட்டம் குறைந்த பிறகு பழனிக்குப் போனோம். எப்போதும் விஞ்சுக்கு வரிசையில் நிற்பவள், இந்தமுறை யானைப்பாதையில் ஏறினேன். இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன், மூச்சு முட்டவில்லை. மகன் எனக்குப் பின்னால் வந்தான்.

ஊர் திரும்பி, தையல்கார அக்காவிடம் புது ஜாக்கெட் துணி கொடுத்தேன். ஒன்றரை வருஷமாக அவர் எனக்கு அளவை நோட்டில் எழுதுவதே இல்லை, எப்படியும் பிடிக்க வேண்டியிருக்கும் என்று. “இதுக்கும் லூசாவே தைக்கவா?” என்றார். வேண்டாம் அக்கா, அளவெடுத்து எழுதிக்கோங்க என்றேன். முழங்கைவரை கை வைக்கவா என்று கேட்டார். எப்போதும் போடும் அரைக்கையே போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.