இரவு பன்னிரண்டு மணி ஓட்டு

2020 அக்டோபர் 1, வியாழன்

மத்தியானம் சைப்ரஸ் மாமா போன் செய்தார். சைப்ரஸ் என்பது ஹூஸ்டன் ஓரத்தில் ஓர் ஊர், நாடு இல்லை. சொந்த மாமா இல்லை. நான் ஹூஸ்டன் வந்து இறங்கிய வருஷம் பொங்கலுக்குச் சாப்பிடக் கூப்பிட்டவர், அன்றிலிருந்து மாமாதான். "செய்தி பார்த்தியாம்மா? இனி ஒரே ஒரு இடம்தானாம்" என்றார். குரலில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம்.

நவம்பர் 3 அன்று அதிபர் தேர்தல். டெக்சஸில் தபால் ஓட்டு எல்லோருக்கும் கிடையாது. 65 வயது ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் உடம்பு முடியாதவராகவோ வெளியூரில் இருப்பவராகவோ இருக்க வேண்டும். கொரோனா பயம் கணக்கில் வராது. மாமாவுக்கு 74 வயது, சர்க்கரை வேறு. தபாலில் போட்டால் நேரத்துக்குப் போய்ச் சேருமோ என்று பயந்து, பக்கத்திலிருக்கும் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் கையோடு கொடுத்துவிடலாம் என்று இருந்தார். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி அதற்காக 12 இடங்களை ஏற்பாடு செய்திருந்தது. இன்று கவர்னர் கிரெக் அபாட் உத்தரவு போட்டுவிட்டார், ஒரு கவுண்டிக்கு ஒரு இடம்தான் என்று. தேர்தல் பாதுகாப்புக்காக என்கிறார்கள்.

ஹாரிஸில் 47 லட்சம் பேர் இருக்கிறோம். பரப்பளவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தைவிடப் பெரிய கவுண்டி. மேற்கே லவிங் என்று ஒரு கவுண்டி, அங்கே நூறு பேர்கூட இல்லை. அங்கும் ஒன்று, இங்கும் ஒன்று. இதைச் சமம் என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

2020 அக்டோபர் 13, செவ்வாய்

முன்கூட்டிய வாக்குப்பதிவு இன்று தொடங்கியது. முதல் நாளிலேயே எங்கள் கவுண்டியில் 1,28,000 பேருக்கு மேல் போட்டுவிட்டார்கள். இதுவரை இல்லாத எண்ணிக்கை.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. வழக்கமாக 19-ஆம் தேதி தொடங்க வேண்டியதை ஆறு நாள் முன்னால் கொண்டுவந்தவரும் அதே கவர்னர்தான். அதற்காக அவருடைய குடியரசுக் கட்சிக்காரர்களே அவர்மேல் வழக்குப் போட்டார்கள், நிற்கவில்லை. நாட்களைக் கூட்டிய கை இடத்தைக் குறைத்தது ஏன் என்றுதான் புரியவில்லை. அந்த ஒரே இட உத்தரவை 9-ஆம் தேதி மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் ஒரு நீதிபதி நிறுத்தினார். நேற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் தீர்ப்பை நிறுத்தி வைத்துவிட்டது.

ராத்திரி அம்மா நாகர்கோவிலிலிருந்து பேசினாள். "ஏன் மக்ளே, அங்க ஓட்டுப் போட லீவு விட மாட்டாவளா?" பொது விடுமுறை இல்லை அம்மா என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்பா வாத்தியாராக இருந்தவரை ஒவ்வொரு தேர்தலுக்கும் பூத் டியூட்டிக்குப் போனவர். நேரம் முடிந்ததும் வரிசையில் நிற்பவர்களுக்குச் சீட்டு கொடுப்பார்களாம், அதுவும் கடைசி ஆளிடமிருந்து ஆரம்பித்து முன்னால் வருவார்களாம். அப்போதுதான் புதிதாக யாரும் பின்னால் வந்து சேர முடியாது, ஏற்கெனவே நிற்பவர் ஒருவரும் விட்டுப்போகவும் மாட்டார். சின்ன வயதில் இதை ஏதோ விளையாட்டு விதிபோலக் கேட்டிருக்கிறேன்.

2020 அக்டோபர் 15, வியாழன்

டியூட்டி இல்லாத நாள். மாமாவைக் கூட்டிக்கொண்டு, அந்த ஒரே இடமான என்ஆர்ஜி அரங்குக்குப் போனேன். அவர் ஓட்டுக் கவரை நான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்க முடியாது. ஓட்டுப் போட்டவர் தானே வந்து, அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு மாமா ஃப்ரீவேயில் வண்டி எடுப்பதில்லை.

இஸ்திரி போட்ட சட்டை. கவர் ஒரு கல்யாண வீட்டு மஞ்சள் பைக்குள். வழி நெடுக மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். போக 45 கிலோமீட்டருக்கு மேல், திரும்பி வர அதே தூரம். கொடுத்து முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. திரும்பும்போது, "நீ இல்லேன்னா நான் இந்தத் தடவை விட்டிருப்பேன்மா" என்றார். கார் ஓட்டித் தர ஆள் இல்லாத மாமாக்கள் இந்தக் கவுண்டியில் எத்தனை பேரோ.

2020 அக்டோபர் 30, வெள்ளி, விடிகாலை 2 மணி

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

நான் நர்ஸாக இருக்கும் வார்டைச் சுத்தம் செய்யும் அக்காவைப் பற்றி முன்பே எழுதியிருக்க வேண்டும். கறுப்பினப் பெண், 58 வயது. காலை 7 முதல் மாலை மூன்றரை வரை எங்கள் மருத்துவமனை. ஐந்து மணிக்கு நகரத்துக்குள் ஓர் அலுவலகக் கட்டடம், அதைத் துடைத்து முடிக்க இரவு 11. கொரோனா வார்டில் நாங்கள் கழற்றிப் போடும் கவுன்களை அள்ளுவது அவர்தான். மார்ச் மாதம் கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் வீட்டுக்குப் பக்கத்தில் மூன்று மணி நேரம் நின்றார். இரண்டாவது வேலைக்கு நேரமாகிவிட்டது, ஓட்டுப் போடாமல் கிளம்பிவிட்டார். அன்றைக்கு டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் நின்ற வரிசையில் கடைசி ஆள் ஓட்டுப் போட்டபோது இரவு ஒரு மணி தாண்டியிருந்தது. இரண்டாவது வேலை இருப்பவர் அந்த வரிசையில் எப்படி நிற்பார்?

இந்தத் தடவை, தேர்தலை நடத்தும் கவுண்டி கிளார்க் பொறுப்பில் இருக்கும் கிறிஸ் ஹாலின்ஸ் ஒரு காரியம் செய்தார். எட்டு வாக்குச்சாவடிகளை ஒரு ராத்திரி முழுக்க மூடாமல் வைப்பது, வியாழன் காலை 7-க்குத் திறந்தால் வெள்ளி மாலை 7-க்குத்தான் மூடுவது. எனக்கு வேறு நாள் போக வசதி இருந்தது. ஆனாலும் அக்காவோடு போக வேண்டும் என்று காத்திருந்தேன்.

11:20-க்கு அந்தக் கட்டடத்து வாசலில் ஏற்றிக்கொண்டேன். சீருடையை மாற்றக்கூட இல்லை, கையில் ப்ளீச் வாசனை. வாக்குச்சாவடியில் வெளிச்சம் பகலைப்போல் இருந்தது. எங்களுக்கு முன்னால் பதினைந்து பேர் இருக்கலாம். மருத்துவமனை அடையாள அட்டை கழுத்தில் தொங்கும் இரண்டு பேர், ஒளிரும் சட்டையோடு ஒருவர், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்ட ஒரு பெண். யாரும் அதிகம் பேசவில்லை. எல்லோரும் வேலை முடிந்து வந்தவர்கள் அல்லது வேலைக்குப் போகிறவர்கள்.

உள்ளே நுழைந்ததும் விரலுக்கு ஒரு ரப்பர் உறை கொடுத்தார்கள். ஊரில் இதே விரலில் மை வைப்பார்கள் என்று அக்காவிடம் சொன்னேன், எந்த விரல் என்று கேட்டார். எந்திரத்தில் ஒரு சக்கரம், திருகித் திருகிப் பெயருக்குப் பெயர் நகர வேண்டும். பட்டியல் நீளமோ நீளம், பாதிக்கு மேல் நீதிபதிகள். இங்கே அவர்களையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சி பார்த்து ஒரே பொத்தானில் மொத்தமாகப் போடும் வசதியை இந்த வருஷத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் நேரம் கூடுகிறது, வரிசையும் நீள்கிறது. அக்கா ஒரு பெயரையும் விடாமல் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏற்றிவிட்டுப் படித்தார். நான் முடித்து வெளியே வந்து கால் மணி நேரம் காத்திருந்தேன். வெளியே வந்தபோது மணி 12:10. "யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை" என்று மட்டும் சொன்னார்.

2020 நவம்பர் 2, திங்கள்

நேற்றிலிருந்து வயிற்றில் கல். காரில் இருந்தபடியே ஓட்டுப் போட 10 இடங்கள் வைத்தார்களே, அங்கே விழுந்த கிட்டத்தட்ட 1,27,000 ஓட்டுகளைச் செல்லாது என்று தள்ளச் சொல்லி வழக்கு. கவுண்டியின் முன்கூட்டிய ஓட்டு மொத்தம் 14 லட்சத்துக்கு மேல், அதில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்று. என் தோழி எட்டு மாதக் கர்ப்பிணியாக அங்கேதான் போட்டாள். அதிகாரிகள் சொன்ன இடத்துக்குப் போய், சொன்ன மாதிரி போட்டவளிடம், உன் ஓட்டு ஓட்டே இல்லை என்று எப்படிச் சொல்வது?

மாநில உச்ச நீதிமன்றம் நேற்றே மறுத்துவிட்டது. இன்று மத்திய நீதிபதி ஆண்ட்ரூ ஹானன், வழக்குப் போட்டவர்களுக்கு அந்த உரிமையே இல்லை என்று தள்ளுபடி செய்தார். ஆனாலும் நாளை பத்தில் ஒன்பது இடத்தை மூடுகிறார்களாம். தேர்தல் நாளன்று வாக்குச்சாவடி கட்டடத்துக்குள் இருக்க வேண்டும், கூடாரம் கட்டடமா என்று நீதிபதிக்கே சந்தேகம்.

2021 மே 31, திங்கள்

நேற்று ராத்திரி ஆஸ்டினில் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் மாநிலச் சட்டசபையைவிட்டு வெளியேறி, கோரம் (சபை நடக்கத் தேவையான எண்ணிக்கை) இல்லாமல் ஒரு மசோதாவை நிறுத்தியிருக்கிறார்கள். அதில் இருந்தது இதுதான்: 24 மணி நேர வாக்குப்பதிவு கூடாது, காரில் இருந்து போடக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு முன்னால் திறக்கக் கூடாது.

அக்காவுக்கு மூன்றாவதுதான் உறைத்தது. கறுப்பினச் சபைகளில் ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு பஸ்ஸில் ஏறிச் சேர்ந்து போய் ஓட்டுப் போடும் வழக்கம் பல வருஷமாக இருக்கிறது. நானும் சபையில் வளர்ந்தவள். ஆராதனை முடிந்ததும் கூட்டம் ஒரு மணி வரை முற்றத்தில் நிற்காது, வீட்டில் அரிசி ஊறிக்கொண்டிருக்கும்.

2021 செப்டம்பர் 7, செவ்வாய்

அந்த மசோதா கொஞ்சம் மாறித் திரும்ப வந்து, இன்று கவர்னர் டைலர் நகரில் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஜூலையில் உறுப்பினர்கள் விமானம் ஏறி வாஷிங்டன் வரை போய்ப் பார்த்தார்கள், தள்ளிப்போட மட்டுமே முடிந்தது. ஞாயிறு மதியம் என்ற விதி போய்விட்டது, காலை 9 மணிக்கே திறக்கலாம். காலை 6 முதல் இரவு 10 வரைதான் எந்த நாளும். காரில் இருந்தபடி போடுவது உடம்பு முடியாதவர்களுக்கு மட்டும்.

ஆதரிப்பவர்கள் சொல்வதையும் படித்தேன். மாநிலம் முழுக்க ஒரே விதி வேண்டும், ராத்திரியில் பார்வையாளர்கள் இருக்க முடியாது என்கிறார்கள். சின்னக் கவுண்டிகளில் நேரம் கொஞ்சம் கூடியிருக்கிறது, அது நல்லதுதான். ஆனால் ராத்திரியில் கண்காணிக்க ஆள் கிடைக்காது என்பதை ஒரு நர்ஸிடம் சொல்லாதீர்கள். ராத்திரி மூன்று மணிக்கு வென்டிலேட்டர் பக்கத்தில் நாங்கள் ஆள் மாற்றி ஆள் நிற்கவில்லையா?

அக்காவிடம் சொன்னேன். வண்டியைத் தள்ளிக்கொண்டே, "பதினொன்றுக்குத்தானே நான் முடிக்கிறேன்" என்றார்.

2022 பிப்ரவரி 16, புதன்

மாமாவின் தபால் ஓட்டு திரும்பி வந்துவிட்டது. புதுச் சட்டப்படி கவரில் ஓட்டுநர் உரிம எண்ணோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கமோ எழுத வேண்டும், அது அவர் பெயரைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்ணோடு பொருந்தவும் வேண்டும். எந்த எண்ணைக் கொடுத்தோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? அந்தக் கட்டம் ஒட்டும் மடிப்புக்கு அடியில் இருக்கிறது, மாமா அதைப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் போனேன். மேசை விளக்கை இழுத்து வைத்து, பூதக்கண்ணாடியை நான் பிடித்துக்கொள்ள, இரண்டு எண்ணையும் எழுதினார். எட்டுக்கும் மூன்றுக்கும் சந்தேகம் வரக் கூடாது என்று எட்டை இன்னொரு தடவை அழுத்தினார். பிறகு மடிப்பை நக்காமல் ஈரப் பஞ்சால் தடவி ஒட்டினார். மார்ச் 1 முதற்கட்டத் தேர்தல். நாளைக் காலை டியூட்டிக்குப் போகும் வழியில் தபால் நிலையத்தில் இறங்கி நானே போடுகிறேன் என்றேன். வேண்டாம், இப்போதே போவோம் என்று செருப்பைத் தேடினார்.