கெடு – கேடு, லாங் – லெங்த்: ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் ஆக்கும் முறை

‘கெடு’ என்ற வினை ‘கேடு’ ஆவதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று படித்திருப்போம். விகுதி ஏதும் சேரவில்லை; முதலெழுத்து நீண்டது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ‘சிங்’ ‘சாங்’ ஆவதும், ‘ப்ளீட்’ ‘ப்ளட்’ ஆவதும் இதே கதைதான். ‘லாங்’ – ‘லெங்த்’, ‘ஸ்ட்ராங்’ – ‘ஸ்ட்ரெங்த்’ என்பவற்றில் உயிரும் திரிகிறது, விகுதியும் ஒட்டுகிறது. இவற்றுக்கு விதி தேடி அலைய வேண்டாம். மொத்தமே கொஞ்சம்தான், மனப்பாடம் செய்துவிடலாம். ‘விட்த்’, ‘டெப்த்’ பழகிய நாக்கு ‘ஹைட்த்’ என்று சொல்லப் பார்க்கும். சரியான சொல் ‘ஹைட்’.

உரிச்சொல்லுக்குக் கைகொடுப்பது ‘நெஸ்’. வெண்மை, செம்மையில் வரும் நம் ‘மை’ மாதிரி. பெரும்பாலான சொற்களோடு ஒட்டிக்கொள்ளும். ‘ஹேப்பி’யின் கடைசி ஒய், ‘ஹேப்பினெஸ்’ஸில் ஐ ஆகிவிடும். ஆனால் ‘ஷை’, ‘ட்ரை’ (dry) போன்ற ஓரசைச் சொற்களில் ஒய் அப்படியே நிற்கும். ‘ஓபன்’, ‘சடன்’ என்று என்-னில் முடிந்தால் இரண்டு என் எழுத வேண்டும். ஒன்றை விழுங்கிவிடுவதுதான் வழக்கமான பிழை.

‘இட்டி’ லத்தீன் வழி வந்தது. அதே வம்சத்துச் சொற்களையே நாடும். ‘பாசிபிள்’ – ‘பாசிபிலிட்டி’, ‘ஆக்டிவ்’ – ‘ஆக்டிவிட்டி’. இங்கே காதுக்கும் வேலை உண்டு: ‘ஆக்டிவ்’ என்பதில் முதல் அசையில் விழும் அழுத்தம், ‘ஆக்டிவிட்டி’யில் விகுதிக்கு முந்திய ‘டிவ்’ மேல் நகர்ந்துவிடும். ‘நெஸ்’ அழுத்தத்தைத் தொடாது. ‘க்யூரியஸ்’ ‘க்யூரியாசிட்டி’ ஆகும்போது ஒரு யூ உதிரும். அதைப் பார்த்து ‘சீரியஸ்’ஸையும் அப்படி மாற்றாதீர்கள், அது ‘சீரியஸ்னெஸ்’தான்.

‘இம்பார்ட்டன்ட்’, ‘சைலன்ட்’ வகையில் விகுதியில் ஏ வருமா, ஈ வருமா என்று குழம்புவோர் மூலச்சொல்லைப் பார்த்தால் போதும். அங்கே எந்த எழுத்தோ, ‘இம்பார்ட்டன்ஸ்’, ‘சைலன்ஸ்’ஸிலும் அதே எழுத்துதான்.

வினைச்சொல்லில் ‘ஷன்’ ஆட்சி. ‘டிசைட்’ – ‘டிசிஷன்’, ‘எக்ஸ்டெண்ட்’ – ‘எக்ஸ்டென்ஷன்’ என டி (d) ஒலியில் முடிபவை பெரும்பாலும் எஸ் எழுத்தைக் கேட்கும். ‘அட்டெண்ட்’ – ‘அட்டென்ஷன்’ விலக்கு. அங்கே டி (t) எழுத்துதான். மூலச்சொல்லின் உள்ளே எழுத்து குறையும் இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ‘எக்ஸ்ப்ளெயின்’ ‘எக்ஸ்ப்ளனேஷன்’ ஆகும்போது ஐ போய்விடும். ‘ப்ரனவுன்ஸ்’ என்பதில் உள்ள இரண்டாவது ஓ, ‘ப்ரனன்சியேஷன்’ என்பதில் கிடையாது. உச்சரிப்பு என்று பொருள்படும் சொல்லையே தப்பாக உச்சரிப்பவர்கள்தான் அதிகம்! ‘ஆர்க்யூ’வின் கடைசி ஈ, ‘ஆர்க்யுமென்ட்’டில் இல்லை.

ஒரே வினைக்கு இரண்டு மூன்று பெயர்களும் இருக்கலாம். ‘நட’ என்பதிலிருந்து நடை, நடத்தை, நடப்பு பிறந்து தனித்தனிப் பொருள் தரவில்லையா? அப்படித்தான் ‘கமிட்’டிலிருந்து ‘கமிட்மென்ட்’டும் ‘கமிஷ’னும். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட முடியாது.

சில சொற்கள் வடிவமே மாறாது. ‘ரெகார்ட்’ பெயரானால் முதல் அசையிலும், வினையானால் இரண்டாம் அசையிலும் அழுத்தம்.

சொல்லை மாற்றிய கையோடு வாக்கியத்தையும் பாருங்கள். ‘டிஸ்கஸ்’ வினைக்குப் பின் ‘அபவுட்’ வராது. ‘டிஸ்கஷன்’ என்ற பெயருக்குப் பின் வரலாம். ‘இங்’ நம் ‘தல்’ போல வினைக்குணத்தை விடாது. ‘விதியை விளக்குதல்’ என்று ஐ உருபு நிற்பதுபோல், ‘எக்ஸ்ப்ளெயினிங் த ரூல்’ என்று நேரே செயப்படுபொருளைச் சேர்க்கலாம். ‘விளக்கம்’ என்று முழுப்பெயராகிவிட்டால் ‘விதியின் விளக்கம்’ என்போம். ஆங்கிலத்திலும் அங்கே ‘ஆஃப்’ வந்தாக வேண்டும்: ‘எக்ஸ்ப்ளனேஷன் ஆஃப் த ரூல்’.